கீது

கீது என்று அடித்தால்
கீதை என்கிறது போன்.
அழித்து மறுபடி அடித்தால்
கீதா.
எனக்குத் தெரிந்த ஒரே கீதா
லாங் பஜாரில் வளையல் கடை வைத்திருக்கிறார்.
அவரோடு இரண்டு வருடமாகப் பேச்சில்லை.

மணி பதினொன்றே கால்.
பாபு ராவ் தெரு, லாட்ஜ் வரவேற்பு மேசை.
மழை விட்டும் படிக்கட்டில் ஈரத் துணி வாடை.
மூன்றாம் மாடியில் யாரோ
இந்நேரத்துக்குக் கடுகெண்ணெயில் மீன் வறுக்கிறார்கள்.
அறையில் சமைக்கக் கூடாது என்று
மாடிக்கு மாடி ஒட்டிய தாள் நான் எழுதியதுதான்.
தமிழில் எழுதியதால் மீனுக்குத் தடையில்லை.
எதிர்ச் சுவரில் மருந்துக்கடைப் பலகை:
மேலே வங்காளம் பளிச்சென்று எரிகிறது,
கீழே மருந்தகத்தில் ரு மட்டும் அணைந்துபோய்
நாலு மாதமாக அது மந்தகம்.

எழுத நினைத்தது ஒரே ஒரு வரி.
காலையில் ஷேர் ஆட்டோக்காரர்
பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி,
சவாரி நாலு பேரையும் மறந்து,
யாருக்கோ போனில் கத்தினார்:
பாலாத்துல தண்ணி கீதுடா!

பாலாற்றில் நீர் இருக்கிறது
என்று எழுதிப் பார்த்தேன்.
பொதுப்பணித் துறைக் கடிதம்.
பாலாற்றில் நீர் உள்ளது.
ஐந்தாம் வகுப்பு, கோடிட்ட இடத்தை நிரப்புக.
எழுத எழுதத் தண்ணீர் வடிந்து
மணல் தெரிய ஆரம்பித்துவிட்டது.

வீட்டில் கீது.
மேனேஜரிடம் இருக்குது சார்.
கவிதையில் இருக்கிறது.
ஒரு ஆள் ஒரே நாளில்
இத்தனை விதமாக இருக்கவேண்டியிருக்கிறது.

ஒரு தடவை துணிந்து எழுதி அனுப்பினேன்.
பத்திரிகையில் அதை இருக்கிறது ஆக்கி,
அழகாகக் கட்டம் போட்டு வெளியிட்டார்கள்.
சன்மானம் முந்நூறு.
அந்தக் காசில்தான் போனுக்கு ரீசார்ஜ் செய்தேன்.
அந்தப் போன்தான் இப்போது கீதை என்கிறது.

ஆற்றை நானும் படம் பிடித்து
ஸ்டேட்டஸ் வைத்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.
போன வாரக் கவிதையை ஒன்பது பேர்;
அதில் ஒன்று, லாட்ஜ் போனிலிருந்து நான்.
தண்ணீர்மேல் பொறாமை இல்லை.
கொஞ்சம்தான்.
காதில் வைத்துக் கேட்டால்
ஆட்டோக்காரர் குரலும் அதில் விழுந்திருக்கிறது,
யாரும் திருத்தாமல்.

207 இறங்கி வருகிறார், கையில் பிளாஸ்க்.
பதிவேட்டில் நிர்மால்ய மொண்டல்,
ஊர் மால்டா, உடன் தந்தை,
என் கையெழுத்தில்.
வந்து பத்தொன்பது நாள்.
தந்தை ஆறு நாளாக ஆஸ்பத்திரிக் கட்டிலில்.
வெந்நீர் பிடித்துக்கொண்டே
தன் போனை என் வாயருகே நீட்டுகிறார்,
மொழிபெயர்க்க.

அப்பா எப்டி கீறாரு? என்றேன்.

வட்டம் சுற்றியது.
ஒரு பெண்குரல் மரியாதையாக
வங்காளத்தில் ஏதோ சொன்னது.
அவர் முகம் அப்படியே நின்றது.
திரையைத் திருப்பிக் காட்டினார்.
நான் சொன்னதாக எழுதியிருந்தது:
தந்தை எவ்வாறு கீறுகிறார்?

ஐயோ இல்லைங்க, இருக்கிறார், இருக்கிறார்
என்று நான் பதறுவதற்குள்
பிளாஸ்க்கை மேசையில் வைத்துவிட்டு
ஆள்காட்டி விரலால்
தொண்டைக்குழியிலிருந்து நெஞ்சு முடியும் இடம்வரை
ஒரு கோடு இழுத்தார்.
அவசரமில்லாமல்.
பிறகு அதன் குறுக்கே
சின்னச் சின்னதாய்த் தையல்,
ஒவ்வொன்றாக, எண்ணுவதுபோல.

போனைச் சட்டைப்பையில் போட்டார்.
மூடியை இறுக்கினார்.
டீக்கடையில் கற்றதோ,
வார்டு ஆயாவிடம் கற்றதோ,
துளி பிசிறில்லாமல் சொன்னார்:

நல்லா கீறாரு.

செருப்புச் சத்தம் இரண்டாம் மாடிவரை கேட்டது.

மூன்று மணிக்கு மறுபடி எடுத்தேன்.
கீ என்று மட்டும் அடித்து
மீதியை அதனிடமே விட்டேன்.
கீரை.
சரி.
அது ஐந்தரைக்கு வரும்,
பாலத்தைத் தாண்டி, சைக்கிளில்.