எல்லா அளவும் உண்டு

முதல் சட்டையை நான்தான் அச்சடித்தேன்,
கெனோஷாவில், பெட்ராவின் அப்பா கார் நிறுத்துகிற ஷெட்டில்.
கறுப்பு மை பாதியில் தீர்ந்து
மீதி ஊதாவில் முடிந்தது.
'மண்டே டென்டிஸ்ட்.'
எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
பெயருக்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை.
முதல் ஒத்திகைக்கு வெஸ்லி வரவில்லை,
திங்கட்கிழமை, பல் பிடுங்கப் போயிருந்தான்.

அவனுக்கு மூன்று கார்டு தெரியும்.
நாலாவது வேண்டாம் என்றாள் டிரம்ஸ் வாசித்த பெட்ரா,
"இதற்கே மணிக்கட்டு வலிக்கிறது."
பாஸ் கித்தார் ஆர்லோ.
அவன் அம்மாவின் வேன், ஆலை மூடியபோது
கைக்கு வந்த பணத்தில் வாங்கியது.
சாலைக்குப் போட்ட உப்பு அதன் அடித்தகட்டைத் தின்றிருந்தது.
உள்ளே உட்கார்ந்தால்
கால் விரல்களுக்கிடையில் நெடுஞ்சாலை ஓடும்.

வெஸ்லியின் பாட்டிலெல்லாம்
ஊரைவிட்டு ஓடுகிறவன் ஒருவன் வருவான்.
வெஸ்லி அதுவரை சிகாகோவைத் தாண்டியதில்லை.

ரசீனில் ஒரு பௌலிங் கூடம்.
உருளும் பந்தின் இரைச்சலுக்கு மேலே பாட வேண்டும்,
அதனால்தான் அவன் குரல் அப்படி ஆனது
(விமர்சகர்கள் வேறு காரணம் எழுதினார்கள்).
நான் கதவருகே மேசை போட்டேன்.
ஸ்மால் பதினொன்று, மீடியம் ஆறு, லார்ஜ் ஒன்று.
தோள் எலும்பு துருத்திய பிள்ளைகள்,
சில்லறையை எண்ணி எண்ணிக் கொடுத்தார்கள்.
கணக்கில் ஒரு ஸ்மால் குறைந்தது.
ஆர்லோ குதித்தான்:
"திருடுகிறார்கள்! அப்படியென்றால் பிடித்திருக்கிறது!"

பிறகு ஒரு படத்தின் கடைசியில்,
பெயர்கள் ஓடும்போது, எங்கள் பாட்டு ஓடியது.
எழுந்து போகிறவர்கள் நின்று கேட்டார்களாம்.
கம்பெனிக்காரர் பழக்கூடையோடு வந்தார்.
பஸ் வந்தது. பஸ்ஸுக்குள் கழிப்பறை இருந்தது,
அதன்முன் நின்று நால்வரும் படம் எடுத்துக்கொண்டோம்.

சட்டைகள் பெட்டி பெட்டியாக வந்திறங்கின.
கழுத்துப் பட்டையில் ஹோண்டுராஸ்.
எழுத்து நேராக நின்றது.
சாய்வு எங்கே என்று
ஒருவரும் கேட்கவில்லை, நானும்.

கொலம்பஸில் தார் உருகிய ஆகஸ்ட் மாதம்,
ஒரே பகலில் ஆயிரத்து நூறு.
பணத்தை பீட்சா அட்டையில் அள்ளினேன்.
அன்றிரவு பெட்ரா ஐஸ் வாளியில் கையை விட்டுக்கொண்டு
வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.
அடுத்த கோடையில் அவளிடத்தில்
ஒரு அடியும் தவறாத ஒருவன் உட்கார்ந்தான்.
அவன் பெயர் எனக்கு இப்போதும் சட்டென்று வராது.

மூன்றாவது ஆல்பத்தில் வயலின் வந்தது.
வயலின் வந்த அன்றே எனக்குத் தெரியும்.

சண்டை ஏதும் இல்லை, கேட்பவர்களுக்கு ஏமாற்றம்தான்.
நெப்ராஸ்காவில் ஒரு பெட்ரோல் பங்க்.
ஆர்லோ பரிட்டோ வாங்கினான்,
நின்றபடியே தின்று முடித்தான்,
காகிதத்தை நாலாக மடித்தான்,
"நான் இங்கேயே இருக்கிறேன்" என்றான்.

விற்காத முந்நூற்று நாற்பது சட்டை
என் வீட்டு நிலவறையில்.
கார் துடைத்தேன், சுவருக்குச் சாயம் அடித்தேன்,
நாய் குட்டி போட்டபோது விரித்தேன்.
வெஸ்லி நகராட்சிக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டினான்,
விடியற்காலையில் என் தெருவைக் கடக்கும்போது
ஒருமுறை ஹாரன் அடிப்பான். அவ்வளவுதான்.

பத்தொன்பது வருஷம் கழித்து மில்வாக்கியில் ஒரு இரவு.
ஒரே ஒரு இரவு என்றுதான் பேச்சு.
முதல் மணி நேரத்திலேயே டபுள் எக்ஸ்எல் காலி.
"மீடியம் இருக்கா?" என்றவர் குனிந்து
தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டு
"நீங்களே பார்த்துக் கொடுங்கள்" என்றார்.
குழந்தைகளின் காதில் பெரிய பெரிய மூடிகள்.
மேடையில் பெட்ரா, மணிக்கட்டில் பட்டையோடு,
எல்லாப் பாட்டையும் கொஞ்சம் மெதுவாக வாசித்தாள்.
ஓடுகிறவன் இப்போது
நடந்துதான் போனான் ஊரைவிட்டு.

அப்போது ஒரு பையன்,
பதினைந்து இருக்கலாம், யார் பிள்ளையோ,
அடுக்கிலிருந்து ஒரு ஸ்மாலை உருவி
ஜாக்கெட்டுக்குள் செருகினான்.
நான் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
வெஸ்லி கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்,
சுருதி சேரவில்லை,
சேருகிற மாதிரியும் தெரியவில்லை.