அயனித் தடி

பாக்கி அறுநூறு ரூபாய் வாங்கத்தான் வந்தேன்.
கணக்கர் சாப்பிடப் போயிருந்தார்.
கன்னியாகுமரியில் இடவப்பாதி மழை
கடல் பக்கமிருந்து சரிந்து சரிந்து அடித்தது.
உள்ள வந்து நில்லும் வோய், என்றார்
அருங்காட்சியகத்துக் காவலர் நேசையன்.
உள்ளே என்றால், ஆர்க்கிட் கண்காட்சி.

முதலில் திமிங்கலத்தின் எலும்பு.
அதைத் தாண்டினால் பூக்கள்.

தாய்லாந்துக்காரிகள் ஒரு வரிசை,
ஊதா, மஞ்சள், வெள்ளை.
மார்த்தாண்டத்துக் கல்யாண மண்டபங்களில்
மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன்.
பிளாஸ்டிக்காம்மா, என்று கேட்டான் ஒரு பையன்.
அம்மாவுக்கும் சந்தேகம். கை நீட்டினாள்.
தொடப்பிடாது, என்றார் நேசையன்
கொட்டாவியை முடிக்காமலே.

ஒரு செடியில் கடுகளவு பூ.
பார்ப்பதற்கு லென்சு ஒன்றைக்
கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.
குனிந்தேன்.
முதலில் தெரிந்தது என் மீசை.
பிறகு ஒரு மஞ்சள் வாய்,
ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டதுபோல.

கடைசி மேசையில் நம்முடையது.

நேற்று ராத்திரி டெம்போவில்
சாக்கு போர்த்திக் கொண்டுவந்து இறக்கிய தடி.
ஐந்தடி. பட்டையோடு. ரெண்டு ஆள் சுமை.
அதன் இடுப்பில் நரிவால் மரவாழை
ஒரு முழத்துக்குத் தொங்கிப் பூத்து,
வெள்ளையில் ரோஸ் புள்ளி தெளித்து,
விளக்கு போட்டபின் எனக்கே தெரியாத ஆளாய்.

அட்டையில் எழுதியிருந்தது:
தமிழ்ப் பெயர், லத்தீன் பெயர்,
குடும்பம், பூக்கும் மாதம்,
சேகரித்தவர் முனைவர் விஜிலா.
கீழே சிவப்பில், இது ஒட்டுண்ணி அல்ல.
மரத்தில் தங்கும், மரத்தைத் தின்னாது.

எந்த மரத்தில்?

அதை எழுதவில்லை.

அயனி.
பொன்மனையில் கனகபாய் விளையில்
மதில் கட்ட இடைஞ்சலாய் நின்றது.
போன மாதம் மூன்று நாள் அறுத்தேன்.
பால் வடிந்து மெஷின் வாளின் சங்கிலியில் அப்பி
மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை.
அணில் பாதி தின்ற அயனிச்சக்கை ஒன்று
என் முதுகில் விழுந்து உடைந்தது.
கவட்டுக்கு மேலே இந்தச் செடி இருந்ததைக்
கொம்பைக் கயிறு கட்டி இறக்கியபிறகுதான் கண்டேன்.
அத்தனை வருஷம் அங்கே யாருக்குப் பூத்ததோ.

விஜிலா டீச்சர் ஸ்கூட்டரில் வந்து
வேரைத் தொடாம அறுக்கணும் அண்ணே, என்றார்.
வேரா அது?
வெள்ளைக் கயிறு கயிறாய்ப் பட்டையில்,
திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை
அம்மாவின் சேலையைப் பிடித்திருப்பதுபோல.
மரம் செத்தது அதற்கு இன்னும் தெரியவில்லை.
நானும் சொல்லவில்லை.

மீதி மரமெல்லாம் கொளச்சலுக்குப் போயிற்று.
வள்ளத்துக்கு அயனிதான் வேணும் என்று
மரிய சிலுவை ரொக்கம் தந்து ஏற்றினார்.
சன்னல் வழியே பார்த்தேன்.
மழைக்குள் நாலு வள்ளம்.
எது என்று எப்படித் தெரியும்.
ஒருவேளை இன்னும் பலகையாய்
எங்காவது கொட்டகையில் காய்ந்துகொண்டிருக்கும்.

நேசையன் அந்தப் பக்கம் திரும்பியபோது தொட்டேன்.
பூவை இல்லை. அறுத்த முகத்தை.
குளிர்ந்திருந்தது.
நடுவில் ஒரு கோடு,
என் வாள் ஒருமுறை தடுமாறிய இடம்.

வாசலில் கருத்து எழுத ஒரு நோட்டு.
எனக்கு முன்னால் யாரோ
சூப்பர் என்று எழுதி ஒரு பூவும் வரைந்திருந்தார்கள்.
பெயர்: வறுவேல். ஊர்: பொன்மனை.
அடுத்த கட்டத்தில் பேனா வெகுநேரம் நின்றது.
அந்தத் தடி அயனி, என்று எழுதினேன்.
போன் நம்பரும் போட்டேன்.
யாருக்காவது மரம் அறுக்க வேண்டியிருக்கும்.

கணக்கர் வந்து நானூறு தந்தார்.
மீதி திங்கட்கிழமையாம்.