ஐந்தரை பவுண்டு

அவள் கைத்துப்பாக்கிக்குப் பொருந்துவதையெல்லாம்
கண்ணாடி மேசையில் பரப்பினேன்:
மூன்றரை பவுண்டு இழுப்பில் விழும் விசை,
இருட்டில் பச்சையாய் மினுங்கும் குறிமுள்,
மணல்தாள் மாதிரிப் பிடி.

லொரெட்டா பாஸ்கம். பால் லாரி ஓட்டுபவள்.
சட்டையில் வின்னமக்கா உப்புத்தூசி.
பிடியைத் தேய்த்துப் பார்த்து
"கையுறை கிழியும்" என்றாள்.
குறிமுள்ளை எடுத்துக்கொண்டாள்.
விசையைத் தொடவில்லை.

"எல்லாரும் முதலில் மாற்றுவது அதைத்தான்.
ஐந்தரை பவுண்டு எதற்கு?
இது வெண்ணெயாய் வரும்."

"தெரியும்.
ராய்ஸ் வைத்திருந்ததும்
அப்படித்தான் வந்தது."

ரசீதில் தேதியை இரண்டு முறை எழுதினேன்.

"கனமாகவே இருக்கட்டும்.
நடுவில் ஒரு மூச்சுக்கு இடம் வேண்டும்."

லாரி கிளம்பியதும் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.
மூன்றரை பவுண்டைப் பெட்டியில் போட்டேன்;
விலைச்சீட்டு
விரலில் ஒட்டிக்கொண்டது.