பன்னிரண்டில் ஏழு

எக்ஸெல் வண்டிக்குப் பின்னால் கம்பிக்கூண்டு கட்டி
ஒத்தக்கடைக்குள் வந்த ஒச்சப்பன்
குஞ்சுகளைத் தலைகீழாய்த் தூக்கிப் பார்த்துச் சொன்னான்:
"தலைய நிமித்துனா சேவல், தொங்கப்போட்டா பெட்டை.
பன்னெண்டும் பெட்டைதாங்க்கா,
பாண்டி முனி மேல சத்தியம்."

முனி அந்நேரம் வேறு வேலையாய்
இருந்திருக்க வேண்டும்.

ஆறாவது வாரம் கொண்டை சிவந்தது.
முதலில் ஒன்று. சரி, இருக்கட்டும், அழகுக்கு.
பிறகு மூன்று.
பிறகு எண்ணுவதை நிறுத்தினேன்,
தவணைக்காரன் வரும் தேதியை எண்ணாதது போல.
ஏழு.

முதல் கூவல் கூவலே இல்லை,
சித்திரையில் காற்றை இழுக்கும் அடிபம்பு.
மறுநாள் தொண்டை பிடிபட்டது.
அதற்கும் மறுநாளிலிருந்து
எங்கள் தெருவில் தூங்கியது யானைமலை மட்டும்தான்.

மாடிவீட்டு ஜெசிந்தா டீச்சர்
மணி குறித்து வைத்த நோட்டைக் காட்டினார்.
இரண்டு பத்து. இரண்டே முக்கால். மூன்று ஐந்து.
அப்புறம் "தொடர்ச்சியாக" என்று எழுதி
அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு.

சத்தத்தைக்கூடப் பொறுத்திருப்பேன்.
சாம்பல் பெட்டையின் முதுகில்
உள்ளங்கை அகலத்துக்குச் சிறகு போய்த்
தோல் தெரிந்தது, தேய்ந்த ஆட்டோ சீட் மாதிரி.
ஐந்து பெட்டைக்கு ஏழு சேவல்.
தீவனத் தட்டுக்கு வரப் பயந்து
பகலெல்லாம் துவைகல்லின் மேலேயே நின்றன.
எந்தக் கூட்டத்தில் எங்கே ஒதுங்கி நிற்பது என்று
மாட்டுத்தாவணி பஸ்ஸில் நான் கற்றதெல்லாம்
அவற்றுக்கும் தெரிந்திருந்தது.

அந்த வாரம் முட்டைக் கணக்கில்:
ஒன்று. ஒன்று. சுழி. ஒன்று.

ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.
"பாண்டி கோயில்ல விட்டுரு, நேந்துக்கிட்டேன்னு சொல்லு."
சத்தியம் பண்ணியது ஒச்சப்பன், நேர்த்திக்கடன் எனக்கா?
மேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவன்
கீரிச் சேவலின் காலைப் பிடித்து
முள்ளைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான்.
"கத்திக் கட்டுக்கு ஆகும். ஐந்நூறு தர்றேன்."
இல்லை என்றேன்.
அறுப்பதில் எனக்கு மறுப்பில்லை.
வட்டமாய் நின்று கைதட்டி அறுப்பதில்தான்.

வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தை.
கால்களைச் சணலால் கட்டி
உரச்சாக்கில் தலை வெளியே வர ஓட்டை போட்டு
ஆறை ஏற்றினேன்.
கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
கப்பலூர் டோல்கேட்டில் பஸ் நின்றபோது
சீட்டுக்கு அடியில் எதுவோ ஒன்று கூவியது.
பஸ் முழுக்கச் சிரிப்பு.
நானும் சிரித்தேன்,
அது எந்தச் சேவல் என்று தெரிந்துகொண்டே.

வாங்கியவர் நெஞ்செலும்பை விரலால் அழுத்தினார்.
பேரம் பேசினேன்.
வயிறு கலங்கியதைக் காட்டாமல்
ஐம்பது ரூபாய்க்காக இரண்டு முறை
திரும்பிப் போவது போல நடித்தேன்.
தவிட்டுக்கடைப் பாக்கி தீர்ந்தது.
சாக்கை உதறினால் இரண்டு வாலிறகு.

ஏழாவதை வீட்டிலேயே.
சோணைமுத்து கறி வெந்தபிறகு வருகிற ஆள்.
நானே பிடித்தேன், நானே அறுத்தேன்.
கழுவிய பிறகும் கொஞ்ச நேரம்
கையில் அதன் சூடு இருந்தது.
மிளகும் சீரகமும் அம்மியில் வைத்து அரைத்து
டீச்சருக்கு ஒரு தூக்குவாளி.
கழுவிக் கவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தார்.
நோட்டைப் பற்றிப் பேசவில்லை.

பதினோரு நாள் அமைதி.
சாம்பலின் முதுகில் நீலமாய்க் குருத்துகள்.
மூன்று. நான்கு. நான்கு.

பன்னிரண்டாம் நாள் இருட்டில் ஒரு கூவல்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
துவைகல் மேல் சாம்பல் பெட்டை
கழுத்தை நீட்டிக்கொண்டு,
பாதியில் உடைகிற குரலில்.

"பெட்டை கூவுனா வீட்டுக்கு ஆகாது,
இன்னைக்கே அறுத்துரு"
கட்டிலில் புரண்டபடி சோணைமுத்து.
"கத்தி அடுப்படியிலதான் இருக்கு" என்றேன்.
எழுந்து வரவில்லை.

விடிந்ததும் கணக்கு எழுதினேன். முட்டை நான்கு.
கொஞ்சம் யோசித்துப் பக்கத்திலேயே:
கூவல் ஒன்று.
மணி நாலே முக்கால்.