நீலத் தார்ப்பாய்

அகலம் எட்டடி, ஆழம் ஒரு விரல்.
ஓரத்தில் மரச்சட்டம், நடுவில் இரண்டு வாளித் தண்ணீர்.
இதற்கு மேல் ஓரடி வரமாட்டேன் என்றாள் பவழம்.

முதல் முறை நின்றாள்.
இரண்டாம் முறை நண்டு மாதிரி பக்கவாட்டில் போனாள்.
மணி அடித்துவிட்டார்கள்.
தலைக்கவசத்தைத் தொட்டு நடுவரை வணங்கி
வெளியே நடந்தோம்.
ஒலிபெருக்கியில், 'செல்வி இமெல்டா, விலக்கம்.'
ஐம்பத்துமூன்று வயதில் செல்வி!
அந்த ஒன்றுதான் அன்றைய பரிசு.

கிண்டியில் பதினொரு பந்தயம் ஓடி
பதினொன்றிலும் அடுத்தவர் கிளப்பிய புழுதியைத் தின்றவள்.
கொள்ளுக்கும் கட்டாது என்று கைகழுவியபோது
வைப்புநிதியில் கடன் போட்டு வாங்கினேன்.
கடிவாளம் இறுகினால் இன்னும் ஓடு என்று அர்த்தம்,
அப்படித்தான் அவளுக்குப் பழக்கியிருந்தார்கள்.
இறுகினால் நில் என்று மாற்றிச் சொல்ல
எனக்கு ஏழு மாதம், ஒரு காறை எலும்பு.

எலும்புக் கணக்கில் அது மூன்றாவது.
முதலாவது பத்தொன்பது வயதில்.
அதற்கும் முன்னால், மெரினாவில்,
இரண்டு ரூபாய்க்கு ஒரு சுற்று.
கயிற்றைப் பிடித்து நடந்தவரிடம்
'அண்ணே, கயித்த வுட்டுடுங்க' என்றேனாம்.
அவர் விடவில்லை.

பாரிமுனையில், சரக்குக் கப்பல் ரசீதுகளுக்கு நடுவே,
என் சட்டையை மோந்து நாற்காலியைத் தள்ளிப்போடும்
ஞானவடிவு சொல்வாள்:
'மண்குதிரைய நம்பி ஆத்துல எறங்கினவ நீ.'
மண் இல்லைடி, சதை,
நானூற்றைம்பது கிலோ, என்பேன்.
ஆறுதான் இவளுக்கு ஆகாது.

கார்த்திகையில் ஆறு தானே வந்தது.
வேளச்சேரி லாயத்தில் ராத்திரி பதினொன்றரைக்கு முழங்கால்,
பன்னிரண்டுக்கு இடுப்பு.
மஸ்தான் பாயின் கைப்பேசி வெளிச்சத்தில்
ஒன்பது குதிரைகள், பதினெட்டுக் கண்கள்.
ஏரி எது தெரு எது என்று தெரியாத கறுப்பு.
அதன்மேல் டீசல் படலம்,
யார் வீட்டிலிருந்தோ மிதந்து வந்த குளிர்பெட்டி.
அலமாரி நிறையக் கோப்பை வாங்கிய நவாப்
வாசலில் நான்கு காலையும் ஊன்றிவிட்டான்.
அவன் நின்றதால் எல்லாரும் நின்றார்கள்.

பவழத்தின் தலைக்கயிறு என் கையில்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப் பயம்.
தாடையை என் தோளில் வைத்தாள்,
உஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டாள்,
இறங்கினாள்.
நெஞ்சுவரை தண்ணீர், ஒவ்வொரு குளம்பாய்த் தரை தேடி.
பின்னால், திரும்பிப் பார்க்காமலே எண்ணினேன்,
ஒன்று, இரண்டு,
எட்டுச் சளக்குகள்.

மேம்பாலத்தில் இரண்டு பக்கமும் கார்கள்,
வெள்ளத்துக்குப் பயந்து வரிசையாய் ஏற்றி நிறுத்தியவை.
கிடைத்த சந்துகளில் குதிரைகளை நிறுத்தினோம்.
விடியற்காலை ஒரு கண்ணாடி இறங்கியது,
ஒரு குழந்தைக் கை, ஒரு மேரி பிஸ்கட்.
மழைக்கோட்டுப் போலீஸ்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு
'இத யாருங்க இங்க பார்க் பண்ணது?' என்றார்.
நான்தான் என்று கை தூக்கினேன்.
அபராதம் எவ்வளவு என்றும் கேட்டேன்.

தை மாதம். அதே மைதானம்.
அதே தார்ப்பாய், அதே இரண்டு வாளி.
ஆறு தடை சுத்தமாய்த் தாண்டி
ஏழாவதற்குத் திரும்பினோம்.
காதுகள் முன்னால் குவிந்தன.
போடி, கடலையே பார்த்துவிட்டாய் என்று
முழங்காலால் சொன்னேன்.

நின்றாள்.
குனிந்து மோந்து பார்த்தாள்.
நடுவர் மணியைத் தேடுவது தெரிந்தது.
பிறகு, அத்தனை பேர் பார்க்க,
என் ஏழாவது தடையை
நிதானமாய்க் குடிக்க ஆரம்பித்தாள்.

வெளியே வந்து கால்களைத் தடவிப் பார்த்தேன்.
வீக்கமில்லை, சூடில்லை.
நாளைக்கு அஞ்சரைக்குச் சேணம் போட்டுடுங்க, பாய்.
பாரிமுனை பஸ்ஸுக்கு முன்னால்
ஒரு மணி நேரம் இருக்கிறது.