ஊசிமுனை வாய்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, நாலாவது ஷெட்.
கரண்ட் போய் வந்தபோது மணி பதினொன்றரை.
கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால்
குளிர்பதனத் திரவத்தில் படுத்திருக்கிறது
அந்துவான் மெருகேற்றிய செப்புக் குழாய்.
முகம் பார்க்கலாம் அதில்.
பார்த்தேன். என் மூக்குக் கண்ணாடி கோணல்.

ஹீட்டரை முறுக்கினேன்.
ஐந்து டிகிரி. ஏழு. ஒன்பது.
ஒரு குமிழ் இல்லை.
கடன் கேட்க வந்தவன்
வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதுபோல
சூட்டை வாங்கி வாங்கிச் சும்மா இருந்தது திரவம்.
பன்னிரண்டில் ஒரே தாவல்:
குழாய் முழுக்க நுரை. மேடை அதிர்ந்து
டீ கிளாஸ் இரண்டு விரற்கடை நகர்ந்தது.

எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பார்கள்.
பிடுங்காமல், கூட்டவும் செய்யாமல்
அதே சூட்டில் இன்னும் கொதிக்குமா
என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இரண்டாவது குழாயைத் தரும்போதே முனகினார்:
"நல்ல குழாயைக் கெடுத்தாச்சு மிஸ்."
தோலைச் செதில் செதிலாய்க் கிளப்பி
செதிலின் தலையை மடக்கி உருட்டியிருந்தார்.
உள்ளே சுரங்கம், மேலே ஊசிமுனை வாய்கள்.
தடவினால் பூனை நாக்கு.

ஒன்றரை டிகிரி.
ஒரு வாய் திறந்தது.
பக்கத்தில் இன்னொன்று, பிறகு வரிசை முழுக்க,
சத்தமில்லாமல்.

போகிற குமிழ் முழுசாகப் போவதில்லை.
கழுத்தறுந்து மேலேறும்போது
கொஞ்சம் ஆவியைப் பொந்துக்குள் விட்டுவிடுகிறது.
அடுத்தது அதிலிருந்து ஊதிக்கொள்கிறது.
மெருகின்மேல் பிடித்துவைக்க இடமில்லை;
ஒவ்வொரு குமிழும்
ஒன்றுமில்லாததிலிருந்து பிறந்தாக வேண்டும்.

இதோடு முடித்திருந்தால் அறிக்கை அழகாக இருந்திருக்கும்.

ஞாயிறு அணைத்துவைத்து
திங்கள் காலை போட்டபோது நான்கு டிகிரி கேட்டது.
குளிர்ந்த நேரத்தில்
சில பொந்துகளுக்குள் திரவம் புகுந்துவிட்டது.
மூழ்கின வாய் லேசில் திறக்காது.
நான்கு என்றே எழுதினேன்.
மேனேஜர் ரொசாரியோ அந்த எண்ணை
பேனா மூடியால் மறைத்துப் பார்த்தார்,
அப்புறம் எடுத்துவிட்டார்.

அந்துவான் அன்று சாப்பிடப் போகவில்லை.
சன்னலில் நெற்றி ஒட்டி
அவர் கெடுத்த குழாய் கொதிப்பதை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
மூச்சில் கண்ணாடி மங்க, சட்டை நுனியால் துடைத்தார்.

மூன்று மணிக்கு
லேத்துப் பக்கமிருந்து சரசரவென்று சத்தம்.
மெருகுக் குழாயை வைஸில் மாட்டி
எண்பதாம் நம்பர் உப்புத்தாளால்
குறுக்கே தேய்த்துக்கொண்டிருந்தார்.
"சும்மா பாக்கலாம்னுதான்," என்றார்,
நான் எதுவும் கேட்காமலே.