தார்

வீடு என்கிறான் ஷொமாரி, சிமென்ட் மூட்டை இறக்கியபடி.
அரபியில் தார் என்றால் வீடு,
தார் எஸ் சலாம், அமைதியின் வீடு.
சுங்க குமாஸ்தா ஒப்பவில்லை:
பந்தர், ஐயா, பந்தர். துறைமுகம்.
முன்னெழுத்து உப்பில் உதிர்ந்துவிட்டது.
அதற்கும் முன்னால் ம்ஸிஸிமா, நோயற்ற ஊர்;
காலரா வார்டில் பிறந்தவன் சொல்லிச் சிரிக்கிறான்.
டாலாடாலா நடத்துனனுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை.
பொங்கோ என்பான். மூளை.
இல்லாதவன் பாக்கெட் மாலைக்குள் காலி.

கப்பல் சமையல்காரன் எனக்கோ
தார் என்றால் தார்தான்.
மதியம் உருகிச் செருப்பைப் பிடித்துக்கொள்வது.
அல்லது கிகம்போனி படகில்
எவனோ ஒருவன் தோளில்
பச்சையாய், பிள்ளைக் கனத்தில் போவது.

அமைதியா என்றேன்.
மீன் பொரிக்கும் ம்வானாஹாவா கரண்டியை நீட்டினாள்:
ஒன்றாம் தேதி வந்து நிற்கும் வீட்டுக்காரரைக் கேள்.

அவளுடைய இன்னொரு வீட்டுக்காரர் மஸ்கட்டில்.
போய் நான்கு வருடம்.
இன்று அழைக்கிறார்:
எங்கே இருக்கிறாய், ஏதோ இரைச்சல்.

அவள் ஊர்ப்பெயர் எதுவும் சொல்லவில்லை.
போனை வாணலிக்கு மேல் பிடிக்கிறாள்,
கை சுடும்வரை.